இறந்தவங்க வீட்ல கருத்து கேக்கணும்னா எப்படி கேக்கறது

வீட்டுக்கே போய் பாலியேட்டிவ் கேர் (தீராத நோய்ல வலியக் கொறச்சு பாத்துக்கறது) குடுக்கறது தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவத்துலயே 2021லேர்ந்து இருக்கு, தனியா ட்ரஸ்ட் வச்சு பண்றவங்களும் இருக்காங்க. ஆனா நாம பாத்த பாட்டி நெஜமாவே வலி இல்லாம போனாங்களான்னு கூட இருந்தவங்கதான் சொல்லணும், கேஸ் ஷீட் சொல்லாது.

பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள போன் பண்ணவே கூடாது. அமெரிக்காவுல ஹாஸ்பைஸ் (கடைசி காலத்துல இருக்கறவங்கள பாத்துக்கற சேவை) சர்வே இறந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு போகுது, இங்கிலாந்துல 2011லேர்ந்து 2015 வரைக்கும் இறந்தவங்க குடும்பத்துகிட்ட வருஷாவருஷம் நடந்த வாய்சஸ்ங்கற சர்வேல நாலு மாசத்துக்கு அப்புறம்தான் கேள்வி ஃபாரமே அனுப்புனாங்க. நம்ம பக்கம் மூணு மாசம் தாண்டி கேளுங்க, தெவசம் வர்ற சமயமும் அவங்க இல்லாத முதல் தீபாவளி, பொங்கல் சமயமும் வேணாம்.

இங்கிலாந்துல இறப்பை பதிவு பண்ணவங்களுக்கே ஃபாரம் போச்சு. இங்க அது சரிப்படாது, முனிசிபாலிட்டிக்கு அலையறது மூத்த பையனா இருப்பாரு, ராத்திரி முழிச்சு சளி தொடச்சு படுக்கை மாத்துனது மருமக. "ராத்திரில பக்கத்துல யாரும்மா இருந்தது?"ன்னு கேட்டு அவங்ககிட்டயே பேசுங்க.

வீட்டுக்கு வந்துபோன நர்ஸ் தயவுசெஞ்சு கேக்க வேணாம், அவங்க மூஞ்சிக்கு நேரா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. வேற ஆள் கேட்டாலும் "திருப்தியா?"ன்னு கேட்டீங்கன்னா "தெய்வம் மாதிரி பாத்துக்கிட்டாங்க"ன்னுதான் வரும், அது நன்றி, அத வச்சு எதையும் திருத்த முடியாது. அதனால நடந்தத கேளுங்க, கடைசி ரெண்டு நாள் வலி எப்படி இருந்துச்சு, வலி மருந்து மார்ஃபின் தீந்துபோயி காத்திருந்தீங்களா, ராத்திரி போன் பண்ணப்ப யாராவது எடுத்தாங்களா, இனி ரொம்ப நாள் இல்லன்னு யாராவது பக்குவமா உக்கார வச்சு சொன்னாங்களா, அவங்க எங்க இருக்கணும்னு ஆசப்பட்டாங்க. வீடு, ஆஸ்பத்திரின்னு தனித்தனியா கேக்கறது ரொம்ப முக்கியம், வாய்சஸ்ல வலி முழுசா அடங்கியிருந்துச்சுன்னு ஹாஸ்பைஸ் இல்லத்துல இருந்தவங்களோட குடும்பம்தான் அதிகமா சொன்னாங்க, கம்மியா சொன்னது வீட்ல வச்சு பாத்தவங்க. மொத்தமா ஒரே மார்க் போட சொன்னா இதெல்லாம் மறைஞ்சு போயிடும்.

அழுதாங்கன்னா அடுத்த கேள்விக்கு தாவாதீங்க, பேனாவ கீழ வச்சிட்டு கேட்டுட்டு இருங்க, பாதில நின்னாலும் பரவால்ல. "நான்தான் கடைசி டோஸ் குடுத்தேன், அதனாலதான் போயிட்டாங்களோ"ன்னு மனசுல போட்டு உழட்டிக்கிட்டு இருக்கறவங்க கண்டிப்பா இருப்பாங்க, அதுக்கு நீங்களா பதில் சொல்லாம டாக்டரையே அன்னிக்கே போன்ல பேச வைங்க, அந்த ஏற்பாட்ட பண்ணிட்டு முதல் போன் போடுங்க.