ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறீர்களா? ஒரே பெட்டியில் கிளம்பும் வழி

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. அதனால் ஆகஸ்ட் பிறந்ததுமே நம் வீடுகளில் கூடத்தின் நடுவே ஒரு பெரிய பெட்டி திறந்து கிடக்கும். அம்மா பொடி வறுப்பார். அப்பா எடை பார்க்கும் கருவியைத் தேடுவார். பக்கத்து வீட்டு அக்கா "அங்கே இதெல்லாம் கிடைக்காதாம்" என்று ஒரு பட்டியல் ஒப்பிப்பார். முதன்முறை வெளிநாடு போகும் பிள்ளைக்கு எதைத் தள்ளுவது என்றே தெரியாது.

விமான நிறுவனம் எத்தனை கிலோ அனுமதிக்கிறது என்பதை வைத்துப் பெட்டி கட்டாதீர்கள். யார் துணையும் இல்லாமல் நீங்கள் எவ்வளவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற முடியுமோ, அதுதான் உங்கள் அளவு. ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் இறங்குவதோடு பயணம் முடிவதில்லை. ஆகன், கெம்னிட்ஸ், மாக்டெபர்க் என்று படிக்கும் ஊருக்கு ரயில் ஏற வேண்டும். வழியில் ரயில் மாறினால் சில நிமிடங்களுக்குள் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயாக வேண்டும். நம் ஊர் போலப் போர்ட்டர் ஓடி வர மாட்டார். பழைய குடியிருப்புகள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. இரண்டு பெரிய பெட்டிகளோடு போனால், ஒன்றைப் படியின் கீழே விட்டுவிட்டு இன்னொன்றை மேலே ஏற்ற வேண்டியிருக்கும். தூக்கமில்லாத ஒரு இரவுக்குப் பிறகு அந்த வேலை வேண்டாம்.

படி 1: எடைக் கணக்கு

முதலில் டிக்கெட்டைப் படியுங்கள். சில நிறுவனங்கள் பெட்டி எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்கும். எகானமியில் ஒரு பெட்டி 23 கிலோ என்பது பரவலான அளவு. சில நிறுவனங்கள் மொத்த எடையை மட்டும் பார்க்கும். மாணவர்களுக்குக் கூடுதல் எடை தரும் சலுகைகளும் உண்டு. சலுகை இருக்கிறது என்பதற்காக அதை நிரப்ப வேண்டியதில்லை. சரக்கில் போகும் ஒரு பெட்டி 20 முதல் 22 கிலோ, கையில் ஒரு சிறு பெட்டி 7 கிலோ, தோளில் லேப்டாப் பை. என் கணக்கு இவ்வளவுதான்.

காலிப் பெட்டியை எடை போடுங்கள். கடினமான ஓடு கொண்ட பெரிய டிராலிப் பெட்டி நான்கு, ஐந்து கிலோவைத் தானே தின்றுவிடும். மூன்று கிலோவுக்குள் இருக்கும் பெட்டியாகத் தேடி வாங்குங்கள். காற்றை உறிஞ்சும் வேக்யூம் பைகளை நம்பி ஏமாறாதீர்கள்: துணி சுருங்கும், எடை குறையாது. இடம் மிச்சமாவதைப் பார்த்து இன்னும் நான்கு சட்டை வைப்பீர்கள், அவ்வளவுதான்.

படி 2: கட்டிலில் மூன்று குவியல்

கொண்டுபோக நினைக்கும் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள். முதல் குவியல், அங்கே வாங்கவே முடியாதவை: சான்றிதழ்கள், உங்கள் மருந்து, வீட்டுப் பொடிகள். இரண்டாவது, கிடைக்கும் ஆனால் அங்கே விலை அதிகம்: மூக்குக் கண்ணாடி, பிரஷர் குக்கர். மூன்றாவது, எந்தத் தெருமுனையிலும் கிடைப்பவை: சோப்பு, ஷாம்பு, பற்பசை, பக்கெட், தட்டு, டம்ளர், தலையணை, அரிசி, கோதுமை மாவு. மூன்றாவது குவியல் அப்படியே வீட்டில் இருக்கட்டும்.

அந்தக் குவியலுக்குப் பதிலாகப் பணம் கொண்டுபோங்கள். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கான பிளாக்டு அக்கவுன்ட்டில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். ஆனால் மாதம் 992 யூரோ என்று அது கைக்கு வர, அங்கே போய் நடப்புக் கணக்கு திறந்து இணைத்த பிறகுதான் வழி. அதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதுவரை வாடகைக்கும் முன்பணத்துக்கும் சாமான் வாங்கவும் ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) ஒரு மாதச் செலவாவது இருக்க வேண்டும். பெட்டியைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் கையில் பணம் இல்லாமல் அனுப்பினால் அது பிள்ளைக்குச் செய்யும் நல்லது ஆகாது. பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 3: கைப்பை

சரக்குப் பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் நீங்கள் சமாளிக்க வேண்டும். அதை மனத்தில் வைத்துக் கைப்பையைக் கட்டுங்கள். பாஸ்போர்ட், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் இந்தியப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுன்ட் உறுதிக் கடிதம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் மூலப் பிரதிகள் இதில்தான் இருக்க வேண்டும். நகல்கள் பெட்டியில் போகலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அப்போது இந்தத் தாள்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கூடவே லேப்டாப், சார்ஜர், மருந்து, ஒரு மாற்றுடை, ஒரு மெல்லிய போர்வை. பவர் பேங்க் கட்டாயம் கைப்பையில்தான். சரக்கில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். அது ஏறக்குறைய 27,000 மில்லி ஆம்பியர்-அவர். போர்வை எதற்கு என்றால், மாணவர் விடுதி அறைகளில் கட்டிலும் மெத்தையும் இருக்கும், ஆனால் பல இடங்களில் விரிப்பும் தலையணையும் இருக்காது. முதல் இரவு அந்தப் போர்வைதான் துணை.

எடையே இல்லாத ஒரு பொருளும் உண்டு: உங்கள் இந்திய சிம். கிளம்பும் முன் ரோமிங்கைச் செயல்படுத்தி, அங்கேயும் ஓடிபி வருவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்திய வங்கிக் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிக்கும் நிலை வராது.

படி 4: உடை

பெட்டியின் பாதியை விழுங்குவது குளிருக்குப் பயந்து வாங்கும் துணிதான். அக்டோபரில் ஜெர்மனியில் பகல் பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து டிகிரியில் இருக்கும். ஒரு தெர்மல், அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். கடுங்குளிர் ஜாக்கெட்டை அங்கேயே வாங்குங்கள். அந்தக் குளிருக்கென்றே தைத்தது கிடைக்கும்; டெகத்லான், சி அண்ட் ஏ போன்ற கடைகள் உண்டு; பழைய துணிக் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளிலும் நல்ல ஜாக்கெட் குறைந்த விலைக்கு அகப்படும். படிப்பு முடித்து ஊர் திரும்பும் சீனியர்கள் விற்றுவிட்டுப் போவதும் வழக்கம்.

நான்கு பேன்ட், ஆறேழு மேலாடை, உள்ளாடையும் காலுறையும் மட்டும் பத்து நாளுக்கு. விடுதியில் துணி துவைக்கும் இயந்திரம் பொதுவானது, ஒவ்வொரு முறையும் காசு கட்ட வேண்டும். அதனால் பத்து நாளுக்கு ஒரு முறை துவைப்பதே கட்டுபடியாகும். சாயம் போகும் கைத்தறித் துணிகள் அந்த இயந்திரத்துக்கு ஒத்துவராது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தமிழ் மாணவர்கள் கூடும்போது உடுத்த ஒரு வேட்டி சட்டை அல்லது ஒரு புடவை. அதற்கு இடம் கொடுங்கள். கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் விமானத்தில் அணிந்தே போங்கள். தங்க நகை வேண்டாம்.

படி 5: சமையல் சாமான்

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். பொறுமையாகப் பேசுங்கள், ஏனென்றால் அம்மா கொடுக்கும் சாப்பாட்டுச் சாமானில் பாதி உண்மையிலேயே தேவை.

அரிசி, பருப்பு, உளுந்து, புளி எதையும் சுமக்க வேண்டாம். 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் குடியேறி வாழும் நாடு அது. ஹாம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 2002இல். ஊர் ஊராக அவர்கள் நடத்தும் கடைகளில் இட்லி அரிசி முதல் முருங்கைக்காய் வரை விற்கிறார்கள். மைசூர் பருப்பும் கொண்டைக்கடலையும் துருக்கிக் கடைகளிலேயே இருக்கும். அங்கே கிடைக்காதது உங்கள் வீட்டுக் கைப்பக்குவம் மட்டும்தான். ஆகவே சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஒவ்வொன்றிலும் கால் கிலோ, புளிக்காய்ச்சல் ஒரு சிறு டப்பா, கொஞ்சம் வத்தல். மொத்தம் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குள் அடக்கினால் ஒரு செமஸ்டர் ஓடிவிடும். பொடிகளை இரட்டை உறையில் ஒட்டி, மேலே பெயர் எழுதுங்கள். ஊறுகாய் எடுத்தால் சரக்குப் பெட்டியில் மட்டும்.

தடை செய்யப்பட்டவை எவை என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. அதனால் நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய், கோழித் தொக்கு எதற்கும் இடமில்லை. நெய்க்குக் கவலை வேண்டாம்: புட்டர்ஷ்மால்ட்ஸ் என்று அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே உருக்கிய வெண்ணெய் விற்கிறார்கள், அல்லது உப்பில்லாத வெண்ணெய் வாங்கி நீங்களே உருக்கலாம். மீனுக்கு விதி வேறு. 20 கிலோ வரை அனுமதி உண்டு, கருவாடும் அதில் அடங்கும். வாசனை பெட்டியிலுள்ள துணியில் ஏறும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பச்சைக் கறிவேப்பிலைக்கு, பூச்சியும் நோயும் இல்லை என்று அரசு தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்; 2019 டிசம்பர் 14 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. பழங்களிலும் செடிகளிலும் அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் இந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு. தேங்காய்க்கு விலக்கு இருந்தாலும் கொப்பரை எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

துபாய் அல்லது அபுதாபி வழியாகப் போகிறீர்கள் என்றால் கசகசாவைத் தொடவே வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. குருமாப் பொடியில் கசகசா சேர்த்து அரைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

பாத்திரங்களில் ஒன்றே ஒன்று: இண்டக்‌ஷன் அடிப்பாகம் கொண்ட மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. கூடுதலாக ஒரு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும் வாங்கிக்கொள்ளுங்கள். குக்கரைக் காலியாக வைக்காதீர்கள். பொடிப் பொட்டலங்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும், நசுங்கவும் செய்யாது. மிக்ஸி வேண்டாம். நான்கைந்து கிலோ எடை. அங்கே வாங்கும் சிறிய பிளெண்டரில் சட்னி அரைக்கலாம்.

படி 6: மருந்தும் கண்ணாடியும்

சொந்த உபயோகத்துக்கு ஏறக்குறைய மூன்று மாத அளவு மருந்து கொண்டுபோகலாம். அட்டையிலிருந்து பிரிக்காமல், மருந்தின் பொதுப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு வையுங்கள். ஜெர்மனியில் பாராசிட்டமால்கூட மருந்துக் கடையில்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒவ்வாமைக்கு வழக்கமாக நீங்கள் எடுப்பவை ஓரிரு அட்டை போதும். கண்ணாடி அணிபவர்கள் இங்கேயே பரிசோதித்து ஒரு உபரிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். பல் வலி ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 7: மின்சாரப் பொருட்கள்

அங்கேயும் 230 வோல்ட்தான், மின்மாற்றி வேண்டாம். நம் போன் சார்ஜர்களின் மெல்லிய இரண்டு பின் அங்குள்ள சாக்கெட்டில் நேராகவே பொருந்தும். மூன்று பின் கொண்ட லேப்டாப் சார்ஜருக்கு மட்டும் ஒரு அடாப்டர். சார்ஜரில் இருந்து சுவருக்குப் போகும் வயரை மட்டும் சில யூரோவுக்கு அங்கே வாங்கினால் அதுவும் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் வேண்டாம்.

படி 8: ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் கட்டி, எடை போட்டு, மூன்று பைகளையும் நீங்களே தூக்கி மாடிப்படி ஏறி இறங்குங்கள். அப்பாவோ அண்ணனோ கை கொடுக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து இரண்டு கிலோ எடுத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். பெரும்பாலும் துணியில்தான் குறைக்க இடம் இருக்கும். வீட்டுக் கருவிக்கும் விமான நிலையக் கருவிக்கும் வித்தியாசம் வரலாம், ஒரு கிலோ இடைவெளி விடுங்கள்.

கடைசி நாளில் சித்தப்பாவின் நண்பர் மகனுக்கு என்று ஒரு பார்சல் வரும். ஒட்டிய பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள். பெட்டியை நீங்களே கட்டினீர்களா, யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். உள்ளே இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. "எடை முடிந்துவிட்டது, மன்னிச்சுக்கோங்க சித்தப்பா" என்று அன்பாகச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 9: இறங்கும் நாள்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் சில கடைகள்தான் திறந்திருக்கும். முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். சனிக்கிழமை மாலைதான் இறங்க வேண்டும் என்றால் கைப்பையில் அவல், கடலை மிட்டாய், சப்பாத்தி என ஒன்றரை நாளுக்கான உணவு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை நாளில் வாங்க வேண்டியவற்றை இங்கேயே போனில் எழுதி வையுங்கள்: தலையணை, போர்த்திக்கொள்ள கனமான போர்வை, ஒரு வாணலி, ஒரு கத்தி, அரிசி, உப்பு, எண்ணெய், பால், துணி துவைக்கும் திரவம்.