ரோபோ வாங்குவதற்கு முன் தட்டைப் பாருங்கள்

மலேசியாவில் கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் வந்தது. சுற்றுவட்டாரச் சின்னப் பட்டறைகள்கூட இப்போது ரோபோ கை வாங்குகின்றன. வாங்கிய கொஞ்ச நாளில் பழைய மாணவர் யாராவது அழைப்பார்: "சார், காலையில் ஒழுங்காக எடுக்கிறது, மத்தியானம் ஆனால் இடிக்கிறது."

போய்ப் பார்த்தால் ரோபோவில் ஒரு கோளாறும் இருக்காது. ஒருமுறை பாகங்கள் இருந்த தட்டை விரலால் தள்ளினேன், நகர்ந்தது. மேசையில் டேப் ஒட்டி அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தார்கள்! இரண்டு எஃகு ஊசி அடித்து, தட்டு அதில் போய் உட்காரும்படி செய்தோம், அதோடு தொல்லை தீர்ந்தது. கேட்லாக்கில் ±0.03 மி.மீ. என்று போட்டிருப்பது, கற்றுக்கொடுத்த அதே இடத்துக்குக் கை எவ்வளவு சரியாகத் திரும்பி வரும் என்பதைத்தான். பொருள் அங்கே இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கற்றுக்கொடுக்காமல், ஓர் இடத்தின் அளவை எண்ணாகத் தட்டினால் அந்த இடத்துக்கே துல்லியமாகப் போகும் என்றும் அர்த்தமில்லை.

அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மரத்துக்கு மரம் பட்டை வேறு, வளைவு வேறு; மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழம் போனால் மரத்துக்குக் காயம். அது கைக்குத் தெரியும், ரோபோவுக்குச் சொல்லிவைக்க கேமரா, சென்சார் என்று பெரிய வேலை. தொழிற்சாலையிலோ எல்லா 'மரத்தையும்' நாமே ஒரே மாதிரி நிறுத்திவைக்கலாம். அதைச் செய்யாமல் கேமராவுக்குக் காசு கொட்டுகிறார்கள், எனக்குப் புரிவதே இல்லை.

எடைக் கணக்கிலும் இதே கதை. 5 கிலோ தூக்கும் கை என்றால், அதன் நுனியில் பொருளைப் பிடிக்க மாட்டும் பிடிப்பானும் அதில் சேர்த்தி. பிடிப்பான் ஒன்றரை, இணைப்புத் தகடு அரை கிலோ போனால் மிச்சம் 3 கிலோதான். பிடிப்பான் நீளமாக இருந்தால் அதுவும் குறையும்.

மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கோபாட் ஆயிற்றே, வேலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இடித்தால் நிற்கும், சரி. ஆனால் பிடித்திருப்பது கூரான தகரம் என்றால் வெட்டிவிட்டுத்தான் நிற்கும். பிடிப்பான், பொருள், வேகம் எல்லாம் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும்.

அப்புறம், பிடிப்பானை இயக்கும் அழுத்தக் காற்று. நம் ஊர் ஈரப்பதத்தில் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் சேர்ந்து, வால்வுக்குள் போய், உறிஞ்சி பிடிக்கும் கப் பாதி வழியில் பொருளைக் கீழே விடும். புரோகிராமைத் திருத்த உட்காருவதற்கு முன் தொட்டியின் அடித்திருகைத் திறந்து பாருங்கள், எவ்வளவு வருகிறது என்று.