முதல் வெளிநாட்டு ஆர்டர்: பையரைத் தேடும் முன் ஒரு தாளை விரியுங்கள்

ஏற்றுமதிப் பதிவு, வங்கிக் கணக்கு, சாம்பிள் எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன். பையர் பட்டியலை விலைக்கு வாங்கி மாதக்கணக்கில் மெயில் அனுப்பி ஓய்ந்த பிறகு எனக்குக் கைகொடுத்த வழி இது.

படி 1: உங்களோடு ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் உள்ள நிறுவனங்களைத் தாளில் எழுதுங்கள். மூலப்பொருள் தருபவர், மெஷின் விற்றவர், ஃபார்வர்டர் (சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்பவர்), சோதனைக்கூடம் என எல்லாரும். வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சி.ஆர்.எம். மென்பொருள் வேண்டாம், அழித்து அழித்துப் போட பென்சில்தான் வசதி.

படி 2: அவர்கள் எந்த நாட்டில் யாரோடு தொழில் செய்கிறார்கள் என்று விசாரித்து, இருவரையும் இணைத்துத் தாளில் கோடு இழுங்கள்.

படி 3: அறிமுகம் கேளுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். "தெரிந்த பையர் இருந்தால் சொல்லுங்க" என்றேன். எல்லாரும் "பார்க்கலாம்" என்றார்கள். என் சரக்கு சொதப்பினால் கெடுவது அவர்களுடைய பழைய உறவு என்பது அப்போது உறைக்கவில்லை. அடுத்த முறை மெஷின் விற்றவரிடம் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, சோதனை அறிக்கையைக் கையில் கொடுத்து, சின்ன டிரயல் ஆர்டருக்கு மட்டும் கேட்டேன். அந்த நிறுவனத்திலும் அதே மெஷின். அதனால் தர அளவை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. விலையில் என்னைவிடக் குறைத்துக் கேட்டவர்கள் இருந்தும் ஆர்டர் எனக்கு வந்தது.

(ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் யொஹான்சனும் வால்னேயும் 1977-இல், நிறுவனங்கள் படிப்படியாக அனுபவம் சேர்த்து வெளிநாட்டில் வேரூன்றும் என்றார்கள். 2009-இல் அதைத் திருத்தி, அந்நிய நாடு என்பதைவிட அங்குள்ள தொழில் வலைக்கு வெளியே நிற்பதுதான் பெரிய தடை என்று எழுதினார்கள். என் மெயில்களுக்கு ஏன் பதில் வரவில்லை என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.)

படி 4: ஒரே கோடு போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த நாட்டு ஃபார்வர்டர், சோதனைக்கூடம் என்று இரண்டாவது கோடும் போடுங்கள். முதல் தொடர்பு அறுந்தாலும் சந்தை நிலவரம் காதுக்கு வரும்.

பின்சேர்க்கை: உங்கள் சார்பில் பையரைப் பிடித்துத் தரும் ஏஜென்ட், தனக்கு மட்டுமே அந்த உரிமை வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது என்று கமென்ட்டில் பலர் கேட்டீர்கள். நாடு, காலம், குறைந்தபட்ச ஆர்டர் மூன்றையும் எழுதாமல் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1986-ஆம் ஆண்டு வணிக ஏஜென்ட் சட்டநெறிப்படி, ஒப்பந்தத்தை நீங்கள் முறித்தால் ஏஜென்ட் இழப்பீடு கேட்கலாம். சொந்தமாக வாங்கி விற்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அந்தச் சட்டநெறி பொருந்தாது. அதனால் ஒப்பந்தப்படி அவர் ஏஜென்டா, டிஸ்ட்ரிபியூட்டரா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.