சென்னைக்குப் போய் பழைய ரெக்கார்டு வாங்குகிறவர்களுக்கு

மார்கழி சீசனுக்குச் சென்னை போகிறவர்களில் பாதிப் பேருக்கு மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி ரெக்கார்டு (இசைத்தட்டு) காத்திருக்கும். மீதிப் பேர் சென்ட்ரல் பக்கத்து லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போவார்கள், 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த கடைக்காரர்கள் பலர் போய்ச் சேர்ந்த இடம் அது. இரண்டு இடத்திலும் முதலில் காதில் விழுவது "ரொம்ப ரேர் சார்" என்ற பேச்சுதான்.

பழசு என்பதாலேயே அரிது ஆகிவிடாது. எம்.எஸ். பாடி 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது வீட்டுக்கு வீடு இருந்தது, பாட்டு அருமை, விலை ஏறாது. அதிகம் விற்காத படத்தின் இ.பி. (சில பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு), நாதஸ்வரத் தட்டு, 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும்) நாடக செட், இந்த மாதிரிதான் தேடுகிறவர்கள் பணம் கொடுப்பார்கள். நாடக செட்டில் ஒரு தட்டு குறைந்தாலும் மதிப்பு அடியோடு விழும், அதனால் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பீட்டில்ஸ் மாதிரி மேல்நாட்டு எல்.பி.களுக்கும் (நீளமாக ஓடும் பெரிய தட்டுகள்) வெளிநாட்டில் வாங்க ஆள் உண்டு, அவற்றை மாமா காலத்துக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள்.

அசலா என்று பார்க்க, தட்டை உறையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க யோசிக்கும் கடையில் நான் வாங்க மாட்டேன். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும், செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் அதில் பொறித்த எண் தெரியும். லேபிளில் அச்சிட்ட எண்ணோடு அது எந்த விதத்திலும் ஒட்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். உறையின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு படத்தின் அட்டைக்குள் இன்னொரு படத்தின் தட்டு இருப்பது சகஜம். எழுபதுகளின் பதிப்பு என்று சொல்லி அட்டையில் பார்கோடு இருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். சரிகம என்ற கம்பெனிப் பெயர் 2000இல்தான் வந்தது, அதற்கு முன் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, ஆகவே சரிகம பெயர் போட்ட பழைய பாட்டுத் தட்டு மறுபதிப்புதான். அது தப்பில்லை, அசல் விலைக்கு வாங்குவதுதான் தப்பு. கம்பெனி பெயர், முகவரி எதுவும் இல்லாமல் எழுத்தெல்லாம் மங்கி, ஸ்கேன் செய்து அடித்த மாதிரி அட்டை இருந்தால் பெரும்பாலும் கள்ளப் பதிப்பு. சி.டி.யிலிருந்து எடுத்து அச்சடிப்பதும் உண்டு.

விலை பேசும் முன் டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு விற்பனை இணையதளத்தில் பாருங்கள், ஆனால் கேட்கிற விலையை அல்ல, விற்றுப்போன விலையை. அதுவும் நல்ல நிலையில் இருந்த தட்டின் விலை. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து, கறையான் அரித்த அட்டையோடு வருவதற்கு அதில் பாதிகூடத் தேறாது. பூஞ்சையைக் கழுவலாம், ஆழமான கீறலுக்கு வைத்தியமே இல்லை. தட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து வளைவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், 78 ஆர்.பி.எம். தட்டுக்கு எல்.பி. ஊசி ஆகாது. அந்தத் தட்டு அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் நொறுங்கும். எல்லாவற்றையும் நிற்க வைத்து, முடிந்தால் கைப்பையில் கொண்டுபோங்கள், வெயிலில் நிறுத்திய காரில் விடவே கூடாது. 100 வருடம் தாண்டிய தட்டு கிடைத்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் அது வரக்கூடும், அப்படி வந்தால் நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொண்டு பெட்டியில் வையுங்கள்.