ஹராரேயில் கட்சித் தலைமையகம்: பத்திரம் முதல் சாவிக்கொத்து வரை

ஜிம்பாப்வேயில் எதிர்க்கட்சித் தலைமையகம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹார்வெஸ்ட் ஹவுஸ்தான். ஹராரேயின் நடுவே, நெல்சன் மண்டேலா அவென்யூவும் அங்வா தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. அது எம்.டி.சி. (ஜனநாயக மாற்ற இயக்கம்) கட்சியின் அலுவலகம், கட்சியின் நிறுவனத் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராய் மறைந்த பிறகு அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். போலீஸ் எத்தனையோ முறை புகுந்தும் கட்டடம் கைவிட்டுப் போகவில்லை. 2020 ஜூனில் போனது, கட்சி உடைந்ததால். அதனால் அங்கே கட்சிக்குத் தலைமையகம் வாங்குவதென்றால், இரும்புக் கிரில்லுக்குப் பணம் ஒதுக்கும் முன் காகித வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் கேள்வி, பத்திரம் யார் பெயரில்? அந்த நாட்டில் கட்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் கிடையாது. கட்சியின் விதிமுறைப் புத்தகமே அதற்குச் சட்ட உயிர் கொடுக்கிறது. ‘உறுப்பினர்கள் மாறினாலும் கட்சி தொடரும், உறுப்பினர்களிலிருந்து தனித்து, தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ளும், வழக்காடும்’ என்று அதில் தெளிவாக இருந்தால்தான் கட்சி தன் பெயரில் கட்டடம் வாங்க முடியும். எம்.டி.சி.யில் ஸ்வாங்கிராய்க்குப் பின் ஓர் அணிக்குத் தலைமை வகித்த நெல்சன் சமீசா 2022இல் தொடங்கிய சி.சி.சி. (மாற்றத்துக்கான குடிமக்கள் கூட்டணி) கட்சி விதிமுறையை வெளியிடாமலே தேர்தலைச் சந்தித்தது. 2023 அக்டோபரில் ஒருவர் தன்னை இடைக்காலப் பொதுச்செயலாளர் என்று சொல்லிக் கடிதம் கொடுத்து, அக்கட்சி எம்.பி.க்களின் பதவியையே பறிக்க முடிந்தது. எம்.பி. பதவிக்கே அந்தக் கதி என்றால் கட்டடத்தைக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வழி, நோட்டரி முன் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, கட்டடத்தை அதன் பெயரில் வாங்குவது. அறங்காவலர்கள் 5 பேர் போதும், கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 3 பேர் (கோரம்). கட்சிப் பதவியில் இருப்பவர்கள் 2 பேருக்கு மேல் வேண்டாம். விற்கவும் அடமானம் வைக்கவும் கட்சி மாநாட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்று எழுதுங்கள். பலரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: தலைமை யார் என்று வழக்கு நடக்கும்வரை சாவி அறங்காவலர்களிடம் இருக்கும், எந்த அணியும் பூட்டை மாற்றக் கூடாது. ‘கட்சியின் நலனுக்காக’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், உடைந்த பிறகு எது கட்சி என்ற சண்டை அப்படியே கட்டடத்துக்குள் வந்துவிடும்.

கைமாற்றத்தைச் சொத்துமாற்ற வழக்கறிஞர்தான் செய்ய வேண்டும். பத்திர அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்த பிறகே முன்பணம். மாநகராட்சியிடம் வரிபாக்கி இல்லாச் சான்றும், வருவாய்த் துறையிடம் மூலதன ஆதாய வரிச் சான்றும் கிடைக்காமல் பெயர் மாறாது. தாமதம் பெரும்பாலும் பழைய உரிமையாளரின் குடிநீர், சொத்துவரி பாக்கியால்தான். அதை விலையில் கழித்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஹார்வெஸ்ட் ஹவுஸ் கைமாறிய விதம் இது: 2020 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம், சமீசாவுக்கு எதிரணியில் இருந்த தோகோசானி கூப்பேயை எம்.டி.சி.யின் தற்காலிகத் தலைவராக ஏற்றது. ஜூன் தொடக்கத்தில் அவர் அணி, பாதுகாப்புப் படையினர் துணையோடு கட்டடத்துக்குள் நுழைந்தது. மறுநாள் உள்ளே போக முயன்ற, சமீசா அணியின் டெண்டாய் பிட்டி உள்ளிட்டோர் கைதானார்கள். இப்படி நடந்தால் கூட்டம் கூட்டிக் கதவைத் தள்ளுவது உதவாது. உயர் நீதிமன்றத்தில் அவசர மனு போடுங்கள்: நிம்மதியாக அனுபவித்து வந்த இடத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடுங்கினார்கள், திருப்பித் தர உத்தரவிடுங்கள் என்று. இந்த மனுவில் உரிமையாளர் யார் என்ற கேள்வியே எழாது. அனுபவம் இருந்ததா, முறைகேடாகப் போனதா என்பது மட்டும்தான். அனுபவத்துக்குச் சாட்சி மின்கட்டண ரசீது, காவலாளியின் பதிவேடு, வருகைப் பதிவேடு. இவற்றின் நகலை மாதாமாதம் வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள். கட்டடத்துக்குள்ளேயே வைத்தால் கட்டடத்தோடு போய்விடும். நாள் கடந்தால் ‘அவசரம்’ என்ற வாதம் நிற்காது.

போலீஸ் சோதனை வேறு விஷயம். 2008 ஏப்ரல் 25இல் வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துப் போனார்கள், கணினிகளையும் எடுத்துப் போனார்கள். மார்ச் 29 தேர்தலின் வாக்கு விவரங்களைக் கட்சி அங்கேதான் கூட்டிக்கொண்டிருந்தது. அதிபர் தேர்தல் முடிவை ஆணையம் அறிவித்தது மே 2இல். வி11 என்ற வாக்குச்சாவடி முடிவுப் படிவம்தான் இங்கே தங்கம். சாவடியிலேயே எல்லா முகவர் கையெழுத்தும் தெரியும்படி படமெடுத்து, அன்றிரவே இரண்டு வேறு இடங்களுக்கு அனுப்ப வேண்டும். மூலத்தாள் ஒருபோதும் தலைமையகத்தில் தங்கக் கூடாது. படத்தில் அடிக்கடி வெட்டுப்படுவது சாவடிப் பெயர் இருக்கும் மேல்விளிம்பு. அது இல்லாவிட்டால் படம் செல்லாக்காசு.

வாசலில் ஒருவர் மட்டும் பேசட்டும். வாரண்டைக் கேட்டு, அதில் இந்த முகவரியும் தேடும் பொருளும் இருக்கிறதா என்று பார்த்துப் படமெடுங்கள். அரசியலமைப்பின் 57ஆம் பிரிவு வளாகத்தைச் சோதனையிடுவதிலிருந்து பாதுகாக்கிறது. வாரண்டைக் காட்ட மறுத்தாலும் மறிக்காதீர்கள், ஆட்சேபத்தை எழுதி வையுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் வரிசை எண் பட்டியல் முன்பே இருந்தால், எடுத்துப் போனதற்கு நேரே குறித்துக் கையெழுத்து கேட்கலாம். பிடிபட்டவர்கள் பெயர், நேரத்தோடு உடனே வழக்கறிஞருக்குப் போக வேண்டும், ஏனென்றால் 48 மணிநேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அப்போதே ஓடத் தொடங்குகிறது.

2008 சோதனையில் பிடிபட்டவர்களில் கிராமங்களில் அடிதடிக்குப் பயந்து ஓடிவந்து தங்கியவர்களும் இருந்தார்கள். தேர்தல் காலத்தில் தலைமையகம் முகாமாகிவிடும் என்று எண்ணியே தண்ணீர் கணக்குப் போடுங்கள்: ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர், 200 பேருக்கு 3,000 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி மூன்று நாள் தாங்கும். நிரம்பினால் அது 10 டன். பழைய கட்டடத்தின் மாடியில் பொறியாளர் பார்க்காமல் ஏற்றாதீர்கள், தரையில் வைத்துப் பம்ப் போடுங்கள். 2019இல் மின்வெட்டு நாளுக்கு 18 மணிநேரம் வரை நீண்டது. 20 கேவிஏ ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் குடிக்கும், அதாவது அப்படியொரு நாளுக்கு 54 லிட்டர். அதை அடித்தளத்தில் வைத்தால் புகை மேலே ஏறி, தூங்குபவர்களைக் கொன்றுவிடும். பின்முற்றத்தில், ஜன்னல்களிலிருந்து தள்ளி வையுங்கள்.