தவத்துக்குப் பதில் விரதம் போடலாமா?

நாகர்கோவிலில் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் வேலை. மாசி, பங்குனி வந்துவிட்டால் கோவில் கொடைவிழா நோட்டீஸும் கத்தோலிக்கப் பங்குகளின் (தேவாலயச் சபைகளின்) தியான நோட்டீஸும் ஒரே மேசையில் கிடக்கும். சில வருடம் கூடவே ரம்சான் நோன்பு நேர அட்டவணையும் வந்து சேரும். எல்லாவற்றிலும் சிக்கல் பண்ணுகிற சொல் தவம். அகராதியைத் திறந்தால் தவம், தபசு, நோன்பு, விரதம், தியானம் எல்லாம் அக்கம்பக்கத்தில் நிற்கும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அதிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றி வைப்பார்கள். அங்கேதான் வில்லங்கம்.

தவத்தையும் தியானத்தையும் ஒன்றாக்குவதுதான் அதிகம் கண்ணில் படுகிற தவறு. இதற்கு நம்ம ஊர்ப் பாறையே விளக்கம் சொல்லும். கன்னியாகுமரி அம்மன் சிவனை அடைய ஒற்றைக் காலில் நின்ற இடம் என்று ஸ்ரீபாதப் பாறையைக் காட்டுகிறார்கள். அது தவம். அதே பாறையில் 1892 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் உட்கார்ந்தார். அது தியானம். 1970-இல் திறந்த நினைவு மண்டபத்திலும் ஸ்ரீபாத மண்டபம் தனி, தியான மண்டபம் தனி. தியானம் மனசின் வேலை. தவத்தில் உடம்பும் சேர்ந்து பாடுபடும். வெயிலும் பசியும் அதில் உண்டு. ஸ்ரீபாத மண்டபத்துக் குறிப்பில் 'அம்மன் தியானம் செய்த பாறை' என்று ஒரு சுற்றுலாக் கையேட்டில் வந்தது. அந்த ஒற்றைக் கால் அப்படியே காணாமல் போய்விட்டது. தியானத்துக்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் நடக்கும் 'தவக்காலத் தியானம்' என்றால் கண்ணை மூடி உட்காருவது மட்டும் அல்ல. பாட்டு, பிரசங்கம், பாவசங்கீர்த்தனம் (பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவது) எல்லாம் சேர்ந்தது. அதைத் 'தவக்கால அமைதி' என்று மாற்றினால் பங்குமக்கள் சிரிப்பார்கள்.

தவம் என்றால் காட்டுக்குப் போவது, தாடி வளர்ப்பது என்று நினைப்பவர்களுக்கு வள்ளுவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்: 'உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை அற்றே தவத்திற் குரு.' தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதது, இவ்வளவுதான் தவத்தின் வடிவம். இதில் 'நோன்றல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நோன்பும் அந்தக் குடும்பம்தான். ஆகவே தவத்துக்கு மிக நெருங்கிய உறவு நோன்பு. தியானம் தூரத்து உறவு என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, நெருங்கிய உறவு என்பதற்காக நோன்பை எங்கும் போட்டுவிடலாமா? முடியாது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: கூட வரும் வினைச்சொல்லைப் பார்ப்பேன். தவம் செய்வோம், தவம் இருப்போம், தவம் கிடப்போம். 'பஸ்ஸுக்காகத் தவம் கிடந்தேன்' என்று வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று யாரும் சொல்லலாம். 'விரதம் கிடந்தேன்' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்குள்ளேயே நிற்கும். தக்கலை, திருவிதாங்கோடு பக்கம் இஸ்லாமியர்கள் நோன்பு வைப்பார்கள், நோன்பு திறப்பார்கள். விரதத்தைத் திறக்க முடியாது, முடிக்கத்தான் வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் விரதம் இருப்பார். கத்தோலிக்கர்களுக்கு ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் உண்பது. சி.எஸ்.ஐ. சபைகளில் உபவாசம். நான்கும் வாயைக் கட்டுகிற வேலைதான், ஆனாலும் ஒரு வீட்டுச் சொல்லை இன்னொரு வீட்டு நோட்டீஸில் வைத்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

நானே ஒரு தடவை சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தபசு என்று கண்டால் உடனே தவம் என்று திருத்துவேன், நல்ல தமிழ் என்ற நினைப்பில். சங்கரன்கோவிலுக்கு வேன் போகும் ஒரு நோட்டீஸில் 'ஆடித்தபசு' என்றிருந்ததை 'ஆடித்தவம்' ஆக்கி அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். நோட்டீஸைக் கொண்டுவந்த அண்ணாச்சி மறுநாள் வந்து நோட்டீஸ் கட்டு மொத்தத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, இப்படி ஒரு திருவிழா எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டார். பொருள் மாறவில்லை, பெயர் மாறிவிட்டது. தபசு, தவசு, தவம் மூன்றும் ஒரே வேர்தான். ஆனால் திருவிழாப் பெயரிலும் ஆள் பெயரிலும் கை வைக்கக்கூடாது. தவசிமுத்துவைத் தவமுத்து ஆக்கினால் அவர் வீட்டிலேயே சேர்க்க மாட்டார்கள்.

சின்னத் தவறுகளும் உண்டு. 'தவகாலம்' அல்ல, தவக்காலம், ஒற்று வேண்டும். தவத்திரு சைவ மடத்துத் துறவிகளுக்கு, பாதிரியார் பெயருக்கு முன்னால் அருட்பணி. அப்புறம், 'தவ' என்று தனி உரிச்சொல் ஒன்று இருக்கிறது. நன்னூல் அதை மிகுதிப் பொருளில் சேர்க்கிறது. தவச்சிறிது என்றால் மிகச் சிறிது, தவத்துக்கு அங்கே இடமில்லை. தவப்புதல்வன் அப்படி அல்ல. அவன் தவமிருந்து பெற்ற பிள்ளை.

வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது துவையல் தவசில். அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் சொற்படி 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் தங்கி, கடலில் குளித்து, உடுதுணியைத் துவைத்துக் கட்டி, ஒரு வேளை உண்டு நோற்றதற்குத்தான் அந்தப் பெயர். சென்னையிலிருந்து ஒரு தம்பி போனில், "சார், அது அன்னதானமா? என்ன துவையல்?" என்று கேட்டான். சோற்றுத் துவையலும் துணித் துவையலும் ஒரே 'துவை'யில் பிறந்தவைதான், அந்த மட்டில் அவனைக் குறை சொல்ல முடியாது. அதை 'துவையல் விரதம்' என்று எழுதினால்தான் குழப்பம் முற்றும்.

தவசிப்பிள்ளை விஷயம் இன்னும் வேடிக்கை. நாஞ்சில் நாட்டில் கல்யாண வீட்டுச் சமையற்காரருக்கு அந்தப் பெயர். பேச்சில் தவசுப்பிள்ளை ஆகிவிடுவார். ஒரு குடும்ப மலருக்கு வந்த பழைய கல்யாணக் கணக்கை யாரோ 'எல்லாருக்கும் புரியும்படி' திருத்தி அனுப்பியிருந்தார்கள். வாழை இலைக்கும் விறகுக்கும் நடுவில் இப்படி ஒரு வரி: 'துறவிக்குக் கூலியும் வேட்டியும்.'