ஜெர்மன் கிராமத்து ஊர்ச்சின்னம்: வாசிப்பது, வரைவது, கொடியாக்குவது

ஜெர்மனியில் சில நூறு பேர் மட்டுமே வாழும் கிராமங்கள்கூட கேடய வடிவில் தங்களுக்கென ஒரு சின்னம் வைத்திருக்கின்றன. அதற்கு 'வாப்பன்' என்று பெயர். புதிதாகப் பழகுபவர்கள் படத்தைப் பார்த்து நகலெடுக்கத் தொடங்குவார்கள். அது வேண்டாம். ஒவ்வொரு சின்னத்துக்கும் 'பிளாசோனியருங்' எனப்படும் ஒரு விவரிப்பு வாக்கியம் உண்டு. மரபுப்படி அந்த வாக்கியம்தான் சின்னம். அதற்குப் பொருந்தினால், இரண்டு பேர் வரைந்த இரண்டு விதமான சிங்கங்களும் சரிதான்.

1. வாக்கியத்தைப் பிரித்துப் படியுங்கள்

முதலில் நிறம். தங்கம் என்றால் மஞ்சள், வெள்ளி என்றால் வெள்ளை. இவை இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ, வண்ணத்தின் மேல் வண்ணமோ உருவமாக வரக்கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் பிரித்தறிய வேண்டும் என்பதே காரணம். பழைய கறுப்பு வெள்ளைப் புத்தகங்களில் கோடுகள்தான் நிறத்தைச் சொல்லும்: செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் தங்கம், வெற்றிடம் வெள்ளி.

அடுத்து திசை. வலது, இடது என்பவை கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது, இடது. பார்க்கும் நமக்கு அது நேர்மாறு.

பலரும் தடுக்கி விழும் இடம் இரண்டு சொற்கள். 'கெஷ்பால்டன்' என்றால் மேலிருந்து கீழாகப் பிளந்தது. 'கெடைல்ட்' என்றால் குறுக்கே பிரிந்தது. மொழிபெயர்ப்புச் செயலி இரண்டையும் 'பிரிக்கப்பட்ட' என்றே தந்துவிடும், படம் தொண்ணூறு டிகிரி புரண்டுவிடும். இந்த இரண்டை மட்டும் மூலத்திலேயே சரிபாருங்கள்.

2. உருவத்தின் ஊர்க்கதையை அறியுங்கள்

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்புப் பின்புலத்தில் ஆறு ஆரக்கால் கொண்ட வெள்ளிச் சக்கரம் என்றால், அந்த ஊர் ஒருகாலத்தில் மைன்ஸ் நகரப் பேராயரின் ஆட்சியில் இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளிம்பில் கத்திகள் நீட்டியிருந்தால் அது புனித கத்தரீனாளின் சக்கரம்; ஊர்க் கோயில் பெரும்பாலும் அவர் பெயரில் இருக்கும். விளிம்பில் பலகைகள் இருந்தால் நீராலைச் சக்கரம். வாக்கியம் ஒன்றைச் சொல்ல, நீங்கள் வேறொன்றை வரைந்தால் ஊரின் வரலாறே மாறிவிடுகிறது. ஹுன்ஸ்ரூக் மலைக் கிராமங்களில் அடிக்கடி காணும் சதுரங்கக் கட்டங்களும் அப்படித்தான்: சிவப்பும் வெள்ளியும் என்றால் 'பின் ஸ்பொன்ஹைம்' எனப்பட்ட பழைய சீமை, நீலமும் தங்கமும் என்றால் 'முன் ஸ்பொன்ஹைம்' எனப்பட்ட சீமை.

3. வரையுங்கள்

பயிற்சிக்காக நாமே ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வோம். எந்த நிஜ ஊருக்கும் உரியதல்ல. 'வெள்ளி அலைப்பட்டையால் குறுக்கே பிரிந்தது. மேலே சிவப்பில் ஆறு ஆரக்கால் வெள்ளிச் சக்கரம், கீழே பச்சையில் மூன்று தங்கக் கோதுமைக் கதிர்கள்.'

இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் 500 பிக்சல் அகலம், 600 பிக்சல் உயரத்தில் பக்கத்தைத் திறங்கள். மேலே 500க்கு 350 செவ்வகம், அதன் கீழே 250 ஆரமுள்ள அரைவட்டம். இரண்டையும் இணைத்தால் கேடயம் தயார்.

அலைப்பட்டை 90 தடிமன், கேடயத்தின் நடுவில். மேல் ஓரத்தை மூன்று முகடுகளோடு, அந்த ஓரத்தின் நடுக்கோட்டிலிருந்து 18 ஏறி 18 இறங்குமாறு வரையுங்கள். கீழ் ஓரத்துக்கு அதையே பிரதியெடுத்து 90 கீழே நகர்த்துங்கள். தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பட்டை ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்து, கோத்த மணிகளைப் போல ஆகிவிடும், ஓடை தெரியாது.

சக்கரம் 190 விட்டம், விளிம்பு 22, ஆரக்கால் 16, அறுபது டிகிரிக்கு ஒன்று. ஒரு ஆரக்கால் நேராக மேலே நிற்கட்டும்.

கதிர்களைக் கீழே ஒரு புள்ளியில் சேர்த்து விசிறி போல விரியுங்கள்: நடுக்கதிர் 180 நீளம், பக்கக் கதிர்கள் 40 டிகிரி சாய்வு. நம் கை தானாக நெற்கதிரைத் தலை சாய்த்து வரையும். இங்கே வேண்டியது விறைப்பாக நிமிர்ந்த கோதுமைக் கதிர். மணிகளைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு பக்கம் ஐந்து போதும்.

நிழல், பளபளப்பு, ஊர்ப்பெயர், ஆண்டு எதுவும் கேடயத்துக்குள் வேண்டாம். முடிந்ததும் 2 சென்டிமீட்டர் உயரத்தில் அச்சிட்டுப் பாருங்கள். ஆரக்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் உருவங்களை இன்னும் எளிமையாக்க வேண்டும்.

4. கொடியாக்குங்கள்

பழைய வழக்கம் இது: உருவத்தின் நிறம் மேல் பட்டை, பின்புலத்தின் நிறம் கீழ்ப் பட்டை. பிராண்டன்பர்க் மாநிலச் சின்னம் வெள்ளியில் சிவப்புக் கழுகு. கொடி மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இதற்குக் கட்டுப்படாதவையும் உண்டு. ஹெல்கோலாந்து தீவின் பச்சை, சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் அங்குள்ள புல்வெளி, செம்பாறை, மணல் என்று அவ்வூரார் சொல்வது அழகு.

நம் கேடயத்தின் மேல்பாதியை எடுத்தால் வெள்ளையும் சிவப்பும் வரும். போலந்துக்கும் ஜெர்மன் மாநிலமான துரிங்கியாவுக்கும் அதே கொடி. சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்றாக வைத்தால் ஹங்கேரி. ஆகவே கீழ்ப்பாதியை எடுப்பதே நல்லது: மேலே மஞ்சள், கீழே பச்சை.

அளவு 150க்கு 250 சென்டிமீட்டர், பட்டைக்கு 75. நடுவில் கேடயம் 90 உயரம், 75 அகலம். பச்சைப் பட்டையில் கேடயத்தின் பச்சைப் பகுதி கரைந்துபோகும். சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் வெள்ளை விளிம்பு கொடுங்கள். துணிக்கு, சதுர மீட்டருக்கு 110 கிராம் அளவிலான பாலியஸ்டர் போதும். மறுபக்கம் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். மிருகம் இருந்தால் இரு பக்கமும் அது கம்பத்தையே பார்க்கும், அதுவே முறை.

குறுக்குக் கம்பில் தொங்கும் பேனருக்கு 150க்கு 400. கொடியின் கணினிக் கோப்பை அப்படியே சுழற்றினால் கேடயமும் படுத்துவிடும். அச்சகத்திலிருந்து அடிக்கடி இப்படித்தான் வந்து சேர்கிறது. பட்டைகளை மட்டும் நிமிர்த்துங்கள், மேல் நிறம் பார்ப்பவரின் இடப்பக்கம் வரட்டும். கேடயம் நேராக, நடுவுக்குச் சற்று மேலே.

5. நிஜ ஊரின் சின்னமானால்

பழகுவதற்கு வரையலாம். டி-சட்டையிலோ விற்பனைப் பொருளிலோ போடுவதானால் அந்த ஊராட்சியின் எழுத்துமூல அனுமதி தேவை. ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஊர்ப்பெயரைப் போலவே சின்னத்தையும் காக்கிறது. மேயர் அலுவலகத்துக்கு எழுதும்போது உங்கள் வரைபடத்தோடு, எந்தப் பொருளில், எத்தனை பிரதி என்பதையும் குறிப்பிட்டு அனுப்புங்கள்.